இரண்டு விரல் துணி

பத்து வருடத்துக்கும் மேலாக நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. கடை வைத்திருக்கிற ஆம்பளைகள் எல்லாருமே எங்களுக்கு அண்ணாதான். தருமபுரியில் லைனிங் துணி, நூல், கொக்கி, பட்டன் விற்கிற ஒடுக்கமான கடை அவருடையது. நான் பாலக்கோட்டில் ரவிக்கை தைக்கிறவள். வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய், "அண்ணா, இந்த மயில்கழுத்துக் கலருக்கு லைனிங் குடுங்க" என்று புடவையை நீட்டுவேன். மற்ற கடைக்காரர்கள் பத்துத் துணியை அள்ளிப் போட்டு ஏதாவது ஒன்றை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இவர் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு உள்ளே போய் ஒரே ஒரு துணியை எடுத்து வருவார். அது அப்படியே பொருந்தும்.

ஒருநாள் அந்தக் கடை வாசலில் நின்றபோது அண்ணா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. புடவையை மட்டும் நீட்டினேன். அவரும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அதற்கும் அடுத்த வாரம், துணியைக் கிழித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"என்னங்க டைலரம்மா, ரெண்டு வாரமா அண்ணனக் காணம்?"

எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை, கடைவீதியில், பாவாடை தாவணிப் பெண்ணைப் போல நின்றேன். அந்த மனுசன் அதோடு விட்டாரா? "காணாமப் போனது நல்லதுதான்" என்று வேறு சொன்னார்.

எங்கள் நிச்சயதார்த்தம் அவ்வளவுதான். தட்டு மாற்றவில்லை, வெற்றிலை பாக்கு இல்லை. அவர் மனைவி நோயில் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நான் கல்யாணமாகி மூன்றாம் வருடமே புருசனைப் பறிகொடுத்தவள். பிள்ளை இல்லை. தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு போன வண்டி கணவாய் இறக்கத்தில் கவிழ்ந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் கை வருவதில்லை.

அதற்குப் பிறகு நான் தாய் வீட்டுக்குப் போகவில்லை. காரியம் முடிந்ததும் இண்டூரிலிருந்து என் கூடப்பிறந்த அண்ணன் கூட்டிப்போக வந்தான். புறப்படத்தான் பையை எடுத்து வைத்தேன். அத்தை, அதாவது என் மாமியார், புருசனை எப்போதோ இழந்தவள், அடுப்பங்கரையில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மகன் செத்த வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எத்தனை பேருக்குக் கிண்டுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். சட்டியில் இரண்டு உருண்டைக்கான களி இருந்தது. இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, இரண்டு உருண்டைக்குக் கிண்டியிருந்தாள். நான் பையைப் பிரித்துவிட்டேன்.

அன்று முதல் நாங்கள் இரண்டு பேர்தான் அந்த வீட்டில். ஆடுகளை விற்று எனக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தவள் அவள். குழம்பில் உப்பு அதிகம் என்று ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பவளும் அவள்தான். எனக்கும் கோபம் மூக்குக்கு மேலேதான் நிற்கும். டிவி சத்தத்துக்குச் சண்டை, கதவைச் சாத்தவில்லை என்று சண்டை, சண்டை இல்லாத நாளில் உடம்புக்கு என்னவோ என்று ஒருத்தரை ஒருத்தர் நெற்றியில் கை வைத்துப் பார்ப்போம். வந்த புதிதில் நீங்க என்று கூப்பிட்டது எந்தச் சண்டையில் நீ ஆனது என்று நினைவில்லை.

அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"அந்த லைனிங் கடைக்காரனா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"துணி வாங்கப் போறவ யாராச்சும் தலைக்கு எண்ண வெச்சி, மொகம் கழுவி, நல்ல சீலையா பாத்துக் கட்டிக்கிட்டு போவாளா? ஒரு வருசமா பாத்துக்கிட்டுதான இருக்கறன்."

அண்ணனிடம் சொன்னபோது அவன் வேறு மாதிரி பேசினான். இந்த வயசில் இது தேவையா, ஊர் சிரிக்கும் என்றான். தக்காளி விலை இந்தப் பாடு படுத்துகிறபோது ஊருக்குச் சிரிக்க ஏதாவது வேண்டாமா என்று கேட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண் கல்யாணத்துக்குப் புறப்படுவது தாய் வீட்டு வாசலிலிருந்துதான். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் வாசலும் அன்றோடு சாத்திக்கொண்டது.

அவர் மகள் பெங்களூரிலிருந்து காரில் வந்தாள். அப்பாவுக்குக் கல்யாணம் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவளோ மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்க தீம் என்ன?" என்று கேட்டாள். வெளிர் நிறங்களில் பத்து மேடைகளைக் காட்டினாள். எல்லாமே துவைத்துத் துவைத்துச் சாயம் போன மாதிரி இருந்தன. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கலரில் உடுத்தி வர வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பொம்பளைகளிடம் போய் ரோஜாவும் இல்லாத வெள்ளையும் இல்லாத ஒரு நிறத்தில் புடவை கட்டி வா என்றால், கல்யாணத்தையே விட்டுவிட்டு வம்புக்கு வருவார்கள்.

"பாப்பா, எனக்கும் ஸ்டைலா வேணும்தான். ஆனா அது என் ஸ்டைலா இருக்கணும்" என்றேன்.

முப்பது வருடமாக நான் மற்றவர்கள் கல்யாணத்துக்குத் தைத்தவள். எனக்கு ஆசை இல்லாமல் இருக்குமா? மண்டபம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். காலையில் சின்னக் கோயிலில் தாலி. மத்தியானம் அவருடைய சிநேகிதர் ஒருவரின் மாந்தோப்பில் சாப்பாடு. வைகாசி மாதம், மரமெல்லாம் காய். களியும் கீரைக் கடைசலும் முதலில், அப்புறம் சோறு, கடைசியில் மாம்பழம். மேடைக்குப் பின்னால் பூவில் ஒரு சுவர் வைக்கலாம் என்றாள் மகள். வேண்டாம், என்னிடம் வேறு ஒன்று இருக்கிறது என்றேன்.

என் கடைப் பரணில் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி கிடந்தது. கல்யாண ரவிக்கை வெட்டும்போது மிஞ்சுகிற பட்டுத் துண்டுகளை நான் எறிந்ததே கிடையாது. எதற்காக என்று கேட்டால் அப்போது பதில் இல்லை. அவற்றை முக்கோணமாக வெட்டித் தைத்து, மரத்துக்கு மரம் தோரணம் கட்டலாம் என்று தோன்றியது. மகள் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டாள்.

அந்த மூட்டைகளைப் பிரித்த நாட்களை என்னால் மறக்க முடியாது. அத்தையும் நானும் வீட்டுக் கூடத்தில் கொட்டி நிற வாரியாகப் பிரித்தோம். அடி மூட்டையில் கிளிப்பச்சையும் அரக்குமாகப் பழைய பட்டு. அப்போதெல்லாம் பெண்ணின் அம்மாதான் வந்து அளவு ரவிக்கை கொடுப்பாள். பெண் கடைக்கு வெளியே வெட்கத்தோடு நிற்பாள். அவளுக்கு எந்தக் கழுத்து வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் ஒரு காலம், எல்லாப் பெண்களும் பலூன் கை கேட்டார்கள். பலூன் கைக்குத் துணி போதாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் பானைக் கழுத்து, முதுகில் கயிறு, கயிற்று முனையில் குஞ்சம். முதுகு இவ்வளவு இறக்கமா என்று அம்மாக்கள் என்னோடு சண்டை பிடித்ததும், அவர்கள் அந்தாண்டை போனதும் பெண்கள் கண்ணைக் காட்டி "இன்னுங் கொஞ்சம் எறக்குங்க்கா" என்றதும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. இப்போது ஆரி வேலை, ஜரிகையும் மணியுமாகக் கை எம்பிராய்டரி. பெண்ணே நேராக வருகிறாள், போனில் படம் காட்டுகிறாள், அம்மாவைப் பேசவே விடுவதில்லை. சில பெண்கள் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவன் என் கடை முக்காலியில் உட்கார்ந்து எந்தக் கழுத்து நன்றாக இருக்கும் என்று கருத்துச் சொல்கிறான். எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் பிடிக்கும்.

கழுத்து எப்படி மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அந்தக் காலத்து அம்மாவும் இந்தக் காலத்து அம்மாவும் கடைப்படி இறங்கும்முன் ஒரே பேச்சைத்தான் சொல்வார்கள். "உள்ள நல்லா துணி உட்டுத் தைம்மா. நாளைக்கு ஒடம்பு பெருக்கும்." கல்யாண ரவிக்கையில் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டுவிடுவோம். பிள்ளை பெற்று உடம்பு போட்டதும் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பிரித்து விடச் சொல்லி அந்தப் பெண்களே ஒரு கையில் பிள்ளையோடு வருவார்கள். அந்த வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை. பிள்ளையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்வேன், அதுதான் கூலி.

என் முதல் கல்யாண ரவிக்கையும் இருக்கிறது. அரக்குப் பட்டு. இண்டூர்த் தையல்காரரிடம் அம்மா கொடுத்துத் தைத்தது. அதிலும் இரண்டு விரல் துணி உள்ளே இருக்கிறது. யாரும் பிரிக்கவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த மடிப்பு விரலில் தட்டுப்படும். எனக்கு உயிரே போய்வரும்.

அதனால்தான் இந்த முறை என் ரவிக்கையில் உள்ளே ஒரு நூல் அகலம்கூட விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன். வெளியே சொன்ன காரணம் வேறு. துணி விட்டால் அக்குளில் தடித்துத் தெரியும், பிடிப்பு போய்விடும், இந்த வயதில் இனி எங்கே பெருக்கப்போகிறேன் என்றெல்லாம் சொன்னேன். வெந்தய நிறப் புடவை, அதற்குக் கருநீல ரவிக்கை, முழங்கை வரை கை, முதுகில் மட்டும் ஒரு சின்ன மாங்காய் ஆரி வேலை. லைனிங்கை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்து அனுப்பினார். கருநீலத்துக்குள் கருநீலம் வைக்காமல் வெந்தய நிறத்தை வைத்தார். யாருக்கும் தெரியாது, போட்டுக்கிறவருக்கு மட்டும் தெரியும் என்று போனில் சொன்னார். அந்த மனுசனுக்குப் பேசத் தெரியாது என்று யார் சொன்னது?

தையல்காரி தன் உடம்புக்குத் தானே அளவு எடுத்துக்கொள்ள முடியாது. டேப்பை அத்தை பிடித்தாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. முடிகிற இடத்தில் நகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இங்க பாரு, இதுதான்" என்று என் கண் முன்னால் நீட்டுவாள். நான் படித்துக்கொள்வேன். டேப்பைச் சுருட்டும்போது, "உள்ள துணி உடு" என்றாள்.

"வேணாம் அத்தை."

"ஒலகத்துக்கெல்லாம் உட்டுத் தைக்கிறவ, உனக்கு உட்டுக்கிட்டா என்ன?"

"அதான் வேணாங்கறனே."

அவள் டேப்பை மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று இரண்டு பேருக்கும் இடையில் இன்னொரு பேச்சு இருந்தது, அது ஒரு வாரமாக முடியாமல் கிடந்தது. நான் அவளிடம் கேட்டிருந்தேன்: கல்யாணத்துக்கு நான் இந்த வீட்டு வாசலிலிருந்துதான் புறப்படுவேன், நீதான் என்னை அனுப்பி வைக்க வேண்டும்.

வீட்டிலிருந்து போய்க்கொள் என்றாள். அனுப்பி வைக்க மட்டும் முடியாது என்றாள். தாலியறுத்தவள் கல்யாணப் பெண்ணுக்கு எதிரில் வரக்கூடாது என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். நானும் அப்படித்தான் இருந்தேன். எத்தனை பெண்களுக்குத் தைத்தேன், ஒருத்தியையாவது முகூர்த்தக் காலையில் நேரில் பார்த்திருப்பேனா? முந்தின நாளே ரவிக்கையைக் கொடுத்தனுப்பிவிடுவேன். மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். யாரும் ஒதுங்கு என்று சொன்னதில்லை. சொல்வதற்குள் நானே ஒதுங்கிக்கொள்வேன்.

"நானும் உன்னாட்டந்தான அத்தை? எனக்கே கல்யாணம் நடக்கப் போவுது" என்றேன்.

"உனக்குத் தாலி ஏறப்போவுது. நீ அந்தாண்ட போயிட்ட. நான் இந்தாண்டயேதான் இருக்கறன். என் மொகத்துல முழிச்சிட்டுப் போயி உனக்கு மறுபடி ஒண்ணு ஆச்சின்னா?" என்றாள். அவள் குரல் உடைந்ததை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். "ஒருத்தனத்தான் குடுத்துட்டன். உன்னையும் குடுக்க முடியாது புள்ள."

எனக்கு அன்று கோபம்தான் வந்தது. நீ நிற்காவிட்டால் நான் படி இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது வெறும் மிரட்டல் இல்லை என்று எனக்கே புரிந்தது. அவர் கட்டுகிற தாலிக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அனுப்ப ஆள் இல்லாமல் அந்த வீட்டிலிருந்து இறங்கினால், ஓடிப்போகிறவள் மாதிரிதான் இறங்குவேன். அது என்னால் ஆகாது.

கல்யாணத்தன்று காலை அத்தையைக் காணோம்.

நான் குளித்து, புடவை கட்டி, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தலையில் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் படுக்கிற பாய் சுருட்டி வைத்திருந்தது. அடுப்பில் காப்பி மூடி இருந்தது, ஒரு ஆளுக்கு மட்டும். தோட்டத்துப் பக்கம் இல்லை, ஆட்டுப்பட்டியில் இல்லை. அவர் மகள் காரோடு வாசலில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் கூடிவிட்டார்கள். ராகு காலம் பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த ஒருத்தி, "ஆயா மஞ்சப்பையோட பஸ் ஸ்டாப்புல ஒக்காந்திருக்குதே, காரிமங்கலத்துக்குத் தங்கச்சி வூட்டுக்குப் போவுதாம்" என்றாள்.

முன்வாசல் வழியாகப் போனால் அது புறப்பாடு ஆகிவிடும். அதனால் கொல்லைப்புறமாக இறங்கினேன். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சோளத்தட்டுப் போர் ஓரமாக, ரோட்டுக்கு நடந்தேன். அவர் மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அத்தை நிழற்குடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"எதுக்க வராத. போ. நேரமாவுது, போ."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரோட்டில் தக்காளிக் கூடை ஏற்றின டிராக்டர் ஒன்று போனது. ஓட்டினவன் கல்யாணப் பெண் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"எங்க போற?" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

"காரிமங்கலத்துக்கு. உன்கூட. பஸ்ஸு வரட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"நீ வரலன்னா கல்யாணம் இல்ல. உன் தங்கச்சி வூட்டுல போயி ரெண்டு பேரும் களி திங்கலாம்."

தூரத்தில் பஸ் தெரிந்தது. அத்தை எழுந்தாள். நானும் எழுந்து அவள் பையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. வழக்கமான எங்கள் சண்டையைப் போலத்தான், ரோட்டோரத்தில். கையைத் தூக்கி வேகமாக இழுத்தபோது என் இடது அக்குளில் சரக்கென்று சத்தம் கேட்டது. கைக்குழியிலிருந்து கீழே நாலு விரல் நீளத்துக்குத் தையல் விட்டுவிட்டது. உள்ளே வெந்தய நிற லைனிங் பளிச்சென்று தெரிந்தது.

ஊருக்கெல்லாம் தைத்த கை, என் ரவிக்கையில் கோட்டை விட்டது. அப்படியே நின்றுவிட்டேன். மறுபடி மெஷினில் வைத்து ஓட்டலாம் என்றால், பிடித்துத் தைக்க உள்ளே துணி இல்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறப் போறீங்களா, இல்லயாங்க?" என்றார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. முந்தானை எப்போதோ முகத்திலிருந்து நழுவியிருந்தது. அவள் என் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணி உடுன்னு சொன்னனா இல்லயா? தலபாடா அடிச்சிக்கிட்டனே!"

கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றில் எப்போதும் கோத்து வைத்திருக்கிற ஊக்கை எடுத்தாள். கையைத் தூக்கு என்றாள். தூக்கினேன். பட்டுத் துணியையும் லைனிங்கையும் சேர்த்துப் பிடித்து, ஊக்கைக் குத்தி, வெளியே தெரியாமல் திருப்பி விட்டாள். தலைப்பைச் சரிசெய்தாள். நெற்றியில் வியர்வையைத் தன் முந்தானையால் ஒற்றினாள், பொட்டு கலையாமல். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொட்டுட்டனே."

"தொட்டாச்சு" என்றேன். "முகத்துல முழிச்சாச்சு. இனிமே என்ன இருக்குது?"

அவள் கீழே கிடந்த மஞ்சள்பையை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பயந்துக்கிட்டுதான் நீ துணி உடல. எனக்குத் தெரியும். மொத ரவிக்கய நீ தொட்டுத் தொட்டுப் பாக்கறத நான் பாத்திருக்கறன்." மஞ்சள்பையை என் கையில் கொடுத்தாள். "நீயும் பயந்துக்கிட்ட, நானும் பயந்துக்கிட்டன். வா, வூட்டுக்குப் போவலாம்."

வந்த வழியே கொல்லைப்புறமாக வீட்டுக்குள் போனோம். அத்தை முகம் கழுவினாள். விளக்கு ஏற்றினாள். என்னை உள்ளே நிற்க வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வெளியே போய், எனக்கு நேர் எதிரில், தெருவில் நின்றாள். கூடியிருந்த பொம்பளைகளில் ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"வா புள்ள" என்றாள். "வலது கால வெச்சி எறங்கு. எம் முகத்தப் பாத்து எறங்கு."

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். இரண்டு பேரும் அழவில்லை. அவர் மகள்தான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முன் சீட்டில் அத்தையை உட்கார வைத்துக் கூட்டிப்போனோம்.

கோயிலில் தாலி ஏறியது. மத்தியானம் தோப்பில் காற்று அடித்தபோது தோரணம் படபடத்தது. சாப்பிட வந்த பொம்பளைகள் இலையை விட்டுவிட்டு மரத்தடியில் அண்ணாந்து நின்றார்கள். "ஏய், இது என்னுது! என் கல்யாணத்துது!" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி தன் மகளைக் கூப்பிட்டு, "பாரு, இதப் போட்டுக்கிட்டுதான் உங்கப்பன கட்டிக்கிட்டன்" என்று காட்டினாள். என் அண்ணனும் வந்திருந்தான். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து இரண்டு மாம்பழம் சாப்பிட்டான். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. போகும்போது அத்தைக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

படங்கள் வந்தபோது நிறையப் படங்களில் இடது அக்குளில் ஊக்கு மினுக்கியது. கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றாள் மகள். அதில் கை வைத்தால் நமக்குள் பேச்சு வார்த்தை இருக்காது என்றேன்.

மறுவீட்டுக்குப் போனோம். அதுவும் தாய் வீட்டுக்குத்தான் போவது. கோழிக் குழம்பு வைத்து, களி கிண்டி, அத்தை வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தேன். மூன்று பேருக்கான களி இருந்தது. தருமபுரிக்கு எங்களோடு வந்துவிடச் சொல்லி அவர் கேட்டுப் பார்த்தார். ஆட்டை யார் பார்ப்பது என்று மறுத்துவிட்டாள். என் கடை பாலக்கோட்டில்தானே இருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் தினமும் வந்துவிடுவேன் என்றேன். உப்புக் குறையென்று சொல்ல ஆள் வேண்டுமல்லவா?

கிளம்பும்போது தட்டில் ஒரு புடவையும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தாள். அவருக்குக் கை சும்மா இருக்குமா? துணியை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார்.

"டைலரம்மாவுக்கு இவ்வளவு துணி எதுக்குங்க? பாதியே போதுமே" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "உள்ள துணி உட்டுத் தை. இன்னும் எத்தினி வருசம் போட்டுக்கணும்."

சரி அத்தை என்றேன். மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் வெட்டினேன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் துணி விட்டுத் தைத்தேன்.